ஸரீனாவின் கறுப்புக் கோடு

அரூப ஓவியமென்றால் வர்ணக் குழம்பு என்றே நம்மவர் பலர் நினைக்கின்றனர். கொள்ளுப்பிட்டிக் காட்சிக்கூடமொன்றுக்குப் போய்வந்தவரும் வர்ணத்தைத்தான் பேசுவார். அலிகாரில் 1937இல் பிறந்து 2020இல் மறைந்த ஸரீனா ஹாஷ்மியின் மரச்செதுக்கு அச்சுகளிலோ வர்ணம் அநேகமாக இல்லை. கறுப்பு மை, கடதாசி, வடிவம், அவ்வளவுதான்.

2001இல் அவர் செய்த ‘பிரிக்கும் கோடு’ இந்திய - பாகிஸ்தான் எல்லையைக் காட்டுவது. மரச்செதுக்கில் செதுக்காமல் விட்ட இடமே மை ஏற்கும். ஆகவே அந்தக் கோட்டை அவர் கீறவில்லை. இருபுறத்து நிலத்தையும் உளியால் தோண்டி எறிந்தபின் எஞ்சி நிற்பது அது. பிரிவினைக் கதைகள் எத்தனையோ வாசித்திருக்கிறோம். செய்முறையே பொருளாகிவிட்ட இப்படியொன்றை நான் கண்டதில்லை.

‘வீடென்பது அந்நிய தேசம்’ (1999) 36 அச்சுகள் கொண்ட வரிசை. வீடு, வாசற்படி, முற்றம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் உருதுச் சொல், ஒரு வடிவம். கணிதம் படித்தவரின் சிக்கனம். எல்லாமே ஒரே கனமுடையவை அல்ல. சில வெறும் சைகையோடு நின்றுவிடுகின்றன. உருவம் விலக்கிய நம் மரபின் தொடர்ச்சியென இவற்றை மெச்சுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. இவை அலங்காரமல்ல, இழந்த வீட்டின் தரைப்படங்கள். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்களுக்கு இவற்றைப் பார்க்க உருது வேண்டியதில்லை.