மோட்டரு பேச்சு கேக்குது

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடித்தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரை நனைக்காத வாரமே கிடையாது. அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டுத் தாளிக்கப் போவாள். அப்படியே சீரியலில் உட்கார்ந்துவிடுவாள். "மதினி, தண்ணி போவுது!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்த பிறகுதான் ஓடுவாள். முட்டிவலியோடு எங்கே ஓடுவது?

அந்தக் குரல் கேட்டு எட்டு மாதமாகிறது!

ஸ்மார்ட் வீடு என்றதும் எல்லாரும் நிறம் மாறும் பல்பைத்தான் காட்டுகிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன். இரண்டு நாள் வேடிக்கை, அவ்வளவுதான். தண்ணீர் மோட்டாரை வைஃபையில் மாட்டிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். தொட்டியில் ஒரு சென்சார், சம்ப்பில் ஒரு சென்சார், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. மேலே நிரம்பினால் நிற்கும். கீழே தண்ணீர் தீர்ந்தாலும் நிற்கும், அதனால் வெறுமனே ஓடிக் காயில் கருகுவதும் இல்லை. இதற்கெல்லாம் இணையம்கூடத் தேவையில்லை; பெட்டியே பார்த்துக்கொள்கிறது. இணையம் எனக்காக. 600 கிலோமீட்டர் தள்ளி, தாம்பரத்தில் உட்கார்ந்து தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சுகம் இருக்கிறதே!

மோட்டாரை நேராக ஸ்மார்ட் பிளக்கில் சொருகப் போனேன். எலக்ட்ரீஷியன் அண்ணாச்சிதான் கையைப் பிடித்தார். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட்தானே என்று நான் கணக்குப் போட, கிளம்பும்போது அது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், பிளக் தாங்காது என்றார். நடுவில் அந்த இழுப்பைத் தாங்கும் கான்டாக்டர் என்கிற சுவிட்சை வைத்துக் கொடுத்தார். அவருக்கு ஒரு கோயில் கட்டலாம்.

கீசருக்கு 16 ஆம்பியர் பிளக் போதும். 5.45-க்கு ஆன், 6.05-க்கு ஆஃப். பதினைந்து லிட்டர், 2000 வாட். நம் ஊர்த் தண்ணீர் கொதகொதவென்று ஆக அந்த இருபது நிமிடம் தாராளம். முன்பு மத்தியானம்வரை சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே கிடக்கும்.

அதைவிட என்னைக் கிறங்கடித்தது பிளக்கில் வரும் கரண்டுக் கணக்கு. ரிமோட்டில் அணைத்த செட்டாப் பாக்ஸ் சும்மா கிடந்தே பத்து வாட் தின்றது. இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்! அரசு தரும் இலவசமே 100 யூனிட்தான்; அதில் ஏழில் ஒரு பங்கைத் தூங்குகிற டப்பா விழுங்கியிருக்கிறது. அன்றிலிருந்து இரவு பதினொன்றுக்கு அதற்கும் கட்.

சங்கடமே இல்லையா? ஆரம்பத்தில் பிளக் வைஃபையில் சேரவே மாட்டேன் என்றது. அரை நாள் திட்டிய பிறகுதான் தெரிந்தது: அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் பிடிக்கும், நான் 5-ல் சேர்க்கப் பார்த்திருக்கிறேன். கரண்ட் போனால் ரூட்டரும் படுத்துவிட்டது. அதை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். ஒருமுறை புத்திசாலித்தனமாக வைஃபை பாஸ்வேர்டை மாற்றித் தொலைத்து, ஒவ்வொன்றாய் எல்லாவற்றையும் மறுபடி சேர்த்தேன். முழுக்க என் தப்பு.

அம்மாவுக்கு ஆப் எல்லாம் ஆகாது. அவளுக்கு அலெக்ஸா போதும். "ஏட்டி அலெக்ஸா, மோட்டரு ஆன்" என்பாள். அதுவும் கேட்கும். ஒருநாள் கேட்கவில்லை, "காது அடைச்சிருக்கோ?" என்று பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னாளாம்.

காலை ஆறு மணிவாக்கில் என் போனில் 'மோட்டார் ஆன்' என்று வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் காபியே. போன வாரம் ஏழாகியும் வரவில்லை. கை நடுங்கக் கூப்பிட்டேன்.

"எலே, நேத்து ராத்திரியே ரொப்பியாச்சு. ஒனக்குச் சொல்லிட்டுத்தான் தண்ணி ஏத்தணுமா?"

வைக்கப் போனவள் நிறுத்திக் கேட்டாள்: "மோட்டரு பேச்சு கேக்குது. கிரைண்டரு கேக்காதா? மாவு ஆட்டப் போட்டுட்டுக் கண்ணசந்துடுதேன்."

கேட்கும் அம்மா! மேசைக் கிரைண்டர்தானே, 6 ஆம்பியர் பிளக்கே போதும். இருபத்தைந்து நிமிடத்துக்கு டைமர் வைத்தால் தானே நிற்கும். ஆர்டர் போட்டாயிற்று, வியாழக்கிழமை வருகிறது.