பட்டா உங்களுடையது, வழி எங்களுடையது

1856-இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் போட்ட ரயில்பாதை அரக்கோணம் வழியாகப் போனது. தண்டவாளம் போன நிலம் ரயில்வேயின் நிலமாயிற்று. உழவனுக்கு நிலமும் இல்லை, குழப்பமும் இல்லை. எரிவாயுக் குழாயின் கதை வேறு. நிலம் போகாது, ஆனால் முழுசாக இருக்கவும் இருக்காது.

எண்ணூரில் கப்பலிலிருந்து இறங்கும் திரவ வாயுவை ஆவியாக்கிக் கொண்டுபோகும் இந்தியன் ஆயில் குழாய்ப் பாதையில், திருவள்ளூர்–பெங்களூரு பகுதி மட்டும் 271 கி.மீ. 2022 மே 26 அன்று சென்னையில் பிரதமர் தொடங்கிவைத்தார். இதே வாயுவை லாரி லாரியாகச் சாலையில் ஓட்டுவதைவிட மண்ணுக்கடியில் அனுப்புவது மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் குழாய் பதிக்க நிலத்தில் உரிமை எடுக்கும் 1962-ஆம் வருடத்துச் சட்டத்தின் மேல்தான்.

அந்தச் சட்டம் கேட்பது ‘பயன்பாட்டு உரிமை’. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். நெல் போடலாம், வேர்க்கடலை போடலாம். கட்டடம் கூடாது, கிணறு கூடாது, குளம் கூடாது, மரம் கூடாது. ஆட்சேபிக்க 21 நாள். பயிர்ச் சேதத்துக்குத் தனியாகக் கொடுத்துவிட்டு, உரிமைக்கு விலையாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், ஒரே தடவை.

சட்டத்தின் பக்கம் பேசுகிறவர்கள், நிலம்தான் உங்களிடமே இருக்கிறதே என்பார்கள். நெல்வயலுக்கு அது ஓரளவு பொருந்தும். தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் பொருந்தாது. வயல்களுக்கு நடுவே மனைக்கல் நட்டுக்கொண்டே வரும் அரக்கோணம்–திருத்தணிப் பக்கத்தில் சுத்தமாகப் பொருந்தாது. ஒரு பேச்சுக்கு, 100 மீட்டர் நீள வயலில் 20 மீட்டர் அகலம் போகிறது என்று வையுங்கள். ஏறத்தாழ 49 சென்ட். சென்ட் ஐம்பதாயிரம் என்றால் மொத்தம் இருபத்து நாலரை லட்சம். கைக்கு வருவது இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. விற்கப் போனால் வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது குழாய் போகும் இடத்தைக் காட்டும் மஞ்சள் குறிக்கல்லைத்தான்.

இந்த இழப்பை எதிர்த்துத்தான் கொங்கு விவசாயிகள் குரல் கொடுத்தார்கள். மத்திய அரசு நிறுவனமான கெயிலின் கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் சுமார் 310 கி.மீ. போக இருந்தது. 2013 மார்ச்சில் முதல்வர் ஜெயலலிதா, விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்றார். அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது. மத்தியச் சட்டத்தின் குறுக்கே மாநில அரசு நிற்க முடியாது என்பது சட்டப்படி சரி. நெடுஞ்சாலை யோசனையும் எனக்கு ஒப்புதலில்லை. வீடும் கடையும் நெருக்கிக்கொண்டு நிற்பது சாலையோரத்தில்தான்.

விலை மட்டுமல்ல, பயமும் உண்டு. 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில் கெயில் குழாய் கசிந்து தீப்பிடித்ததில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈரவாயு போய் இரும்பு அரித்திருந்தது. அது பராமரிப்பின் குற்றம். ஆனால் விவசாயியின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாமல் செய்ததும் அதுதான்.

ஆக, குழாய் சரி. வயல் வழியாகப் போவதும் வேறு வழியில்லாத இடத்தில் சரி. 10 சதவீதம் தவறு. மின்சாரக் கம்பி மேலே போகும் நிலத்துக்கு 30 சதவீதம், கோபுரம் நிற்கும் இடத்துக்கு 200 சதவீதம் என்று மத்திய மின் அமைச்சகமே 2024 ஜூனில் வழிகாட்டுதல் போட்டது. அண்ணாந்து பார்த்தால் தெரியும் கம்பிக்கு 30, தோண்டினால் தெரியும் குழாய்க்கு 10. இது என்ன கணக்கு? வாயு ஓடுகிற வரையில் கம்பெனிக்குக் கடத்துகூலி உண்டு, அதை நிர்ணயிக்க ஒரு வாரியமே உண்டு. அந்தக் கூலியில் ஒரு சிறு பங்கை வருஷா வருஷம் நிலத்துக்காரருக்கு வாடகையாகக் கொடுத்தால், மஞ்சள் கல் நட்ட வயலையும் விலை கேட்க ஆள் வருவார்கள்.