தன்வரலாறும் முறைப்பாடும்: திருநங்கையர் எழுத்துக்களில் பாலியல் வன்முறை

தமிழில் தன்வரலாறு என்னும் இலக்கிய வடிவம் நெடுங்காலம் கற்றோர், தலைவர், கலைஞர் ஆகியோரின் உடைமையாகவே இருந்து வந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநங்கையர் அவ்வடிவத்தைக் கைக்கொண்டமை எழுதுவோர் தொகை பெருகியதை மட்டும் குறிப்பதன்று. வடிவத்தின் சமூகப் பணியே மாறியமையைக் குறிப்பதாகும். அ. ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' (2004), லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007), வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் முதலில் ஆங்கிலத்தில் வெளிவந்து பின்னர் 'வெள்ளை மொழி' எனத் தமிழில் நூலுருப்பெற்ற ரேவதியின் தன்வரலாறு ஆகியன இவ்வகையில் முதன்மையானவை.

இந்நூல்களை அணுகிய விமர்சகர் பலர் 'அடையாளத் தேடல்' என்னும் சொற்றொடருள் இவற்றை அடக்கிவிட முனைந்தனர். அவ்வாசிப்பு பிழையன்று, ஆனால் போதாது. 'வெள்ளை மொழி'யில் திரும்பத் திரும்ப வருவது வன்முறை. தெருவிலே ரவுடிகளின் பாலாத்காரம்; பொலிஸ் நிலையத்திலே அடியும் பாலியல் வதையும். காவல் செய்ய வேண்டியவரே குற்றமிழைப்போராக இருக்கையில் பாதிக்கப்பட்டவர் எவ்விடத்துச் சென்று முறையிடுவார்? பதிவேடு ஏற்க மறுத்ததை நூல் ஏற்றுக்கொள்கிறது. நிகழிடம், செயல், செய்தவர் என்ற ஒழுங்கில், அணிநயம் தவிர்த்து நடக்கும் அதன் உரைநடையைக் கலைக்குறை எனக் கொள்வதற்கில்லை. அது வாக்குமூலத்தின் நடையாகும். பதிவு செய்யப்படாத முறைப்பாடொன்று தனக்குரிய வடிவத்தைக் கண்டடைந்ததன் விளைவாகும்.

இதனைத் தனியொருவர் துயரமெனக் கொள்ளவும் முடியாது. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளை 2003இல் வெளியிட்ட, பெங்களூர்த் திருநங்கையர் நிலைபற்றிய அறிக்கை இத்தகைய பொலிஸ் வன்முறையையே ஆவணப்படுத்தியது. ஜோர்ஜ் லூகாச் கூறும் 'வகைமாதிரி' என்னும் கருத்தாக்கம் இங்கு பொருந்தும். சொத்துரிமையையும் வாரிசையும் மையமாகக் கொண்ட குடும்பம் திருநங்கையை வெளியேற்றுகிறது. உழைப்புச் சந்தை அவளை ஏற்பதில்லை. எஞ்சுவன யாசகமும் பாலியல் தொழிலும். அவற்றையே காரணங்காட்டிச் சட்டம் அவளைச் சந்தேக நபராக்குகிறது. வன்முறைக்கு அவளை எளிதில் இலக்காக்கும் இச்சங்கிலியே, உதவிபெறும் வாயிலையும் அடைக்கிறது என்பது மனங்கொள்ளத்தக்கது.

சட்டம் இவ்வேறுபாட்டை அளவிட்டும் காட்டுகிறது. இந்தியாவில் 2019இல் இயற்றப்பட்ட திருநர் பாதுகாப்புச் சட்டம் அவர்கள் மீதான பாலியல் துர்ப்பிரயோகத்துக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரையே சிறைத்தண்டனை விதித்தது. அப்போது, பெண்மீதான வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டுகள்! ஓருடலின் வேதனை மற்றோருடலின் வேதனையிலும் மலிவானதென்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா?

இலங்கை நிலைமை வேறுவகையான முரண்பாட்டைக் கொண்டது. தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு வல்லுறவை ஆண் பெண்மீது புரியும் குற்றமாகவே வரையறுத்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பாரதூரமான பாலியல் துர்ப்பிரயோகத்தை எவர்மீதும் இழைக்கப்படக்கூடிய குற்றமாக்கி (365ஆ) ஒரு வாயிலைத் திறந்தது. அதே திருத்தம் 365அ பிரிவின் தண்டனை வரம்பை ஆண்களிலிருந்து யாவருக்கும் விரித்தது. ஒரு கையால் பாதுகாப்பையும் மறு கையால் அச்சத்தையும் அது வழங்கியது. முறைப்பாட்டாளர் குற்றவாளியாக்கப்படலாம் என்ற அச்சம் நீங்காதவரை 365ஆ ஏட்டுச் சுரைக்காயே.

சுகாதார அமைச்சு 2016இல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் நடைமுறையை ஏற்படுத்தியமை முன்னேற்றமே. எனினும், வன்முறைக்குள்ளான இரவில் சான்றிதழைத் தேடிச் செல்ல எவராலும் இயலாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கப்பட வேண்டியது. பெயரும் அடையாள அட்டையும் பொருந்தவில்லை என்ற விசாரணையில் கழியும் ஒவ்வொரு மணியும் உடலின் இழப்பாகும். ஆகவே பொலிஸ் முறைப்பாட்டுக்குக் காத்திராத சிகிச்சை, அவர் கூறும் பெயரால் விளித்தல், சட்ட வைத்திய பரிசோதனையில் காயத்துக்குப் புறம்பான உடலாராய்ச்சியைத் தவிர்த்தல், அரச வைத்தியசாலைகளின் 'நட்பு நிலையங்கள்' திருநருக்கும் உரியவை என வெளிப்படையாக அறிவித்தல் ஆகியன உடனடிக் கோரிக்கைகளாதல் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

இந்நூல்களுக்கும் வரையறை உண்டு. ரேவதியின் எழுத்தில் மீட்சி பெரிதும் 'சங்கமா' என்ற தன்னார்வ நிறுவனத்தின் வழியே வருகிறது. கொடையாளர் நிதி நின்றால் மூடப்படும் வாயில் உரிமையாகாது. அரசின் பொதுச்சேவைமீது உரிமை கோரும் கூட்டுக்குரலாக அனுபவம் வளர்வதே அடுத்த கட்டம். அதற்கு முற்போக்கு விமர்சனம் ஆற்றவேண்டிய பங்கு உண்டு. சாதியாலும் வர்க்கத்தாலும் ஒடுக்கப்பட்டோரின் குரலை இலக்கிய வரலாற்றில் இடம்பெறச் செய்த மரபு, திருநங்கையரின் வாக்குமூலத்தை இரக்கத்துக்குரிய விநோதமாக ஒதுக்கிவைத்தல் தன் கோட்பாட்டுக்கே முரணாகும். முறைப்பாடு நூலாகிவிட்டது. அதனை மீண்டும் முறைப்பாடாகவே வாசித்து, உரிய அலுவலகத்தின் மேசைமீது வைப்பது வாசகர் கடன்.