முக்குவதற்கு முன்னால் நடக்க விடுங்கள்

பிரசவ மேசையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ரெக்ஸின் மெத்தை, இடுப்புக்குக் கீழே கழற்றிவிடும் பாதி, இரு பக்கமும் காலைத் தூக்கி மாட்ட இரும்புத் தாங்கிகள். எதிரே இருப்பவரின் கண்ணுக்கும் கைக்கும் எல்லாம் வாகாக இருக்கும். மல்லாந்து கிடப்பவளோ மேட்டை நோக்கி முக்க வேண்டும். கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். வால் எலும்பு பின்னால் நகர இடமிருக்காது. தென்னாட்டுத் தேர்ச் சிற்பங்களில் பிள்ளை பெறுகிறவள் நிற்கிறாள், இரு பெண்கள் தாங்கிப் பிடிக்க.

ஹைதராபாத்தில் 1948இல் தொடங்கிய ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை, பெண் விரும்பும் நிலையில் பெறத் துணைநிற்கும் மருத்துவச்சிகளை 2011 முதல் பயிற்றுவிக்கிறது. 2017இல் தெலங்கானா அரசு அதனுடன் சேர்ந்து கரீம்நகரில் 30 செவிலியருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சியைத் தொடங்கியது. எந்த நிலையில் பெறுவது என்பதைப் பெண்ணே தேர்ந்தெடுக்கலாம் என 2018இல் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது.

இந்தத் தேர்வால் என்ன பலன்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு ஒன்பதாயிரம் பெண்களைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி, நிமிர்ந்த நிலையில் முக்கியவர்களுக்கு ஆயுதம் போட்டு எடுப்பதும் பிறப்பு வாயை வெட்டித் தைப்பதும் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தன. ரத்தப்போக்கு கூடியதையும் அதே ஆய்வு காட்டுகிறது. முதுகில் வலிமரப்பு ஊசி போட்டுக்கொண்ட தலைச்சன் பிரசவங்களில் கணக்கு தலைகீழ்: 41 பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் ஆய்வில், ஒருக்களித்துப் படுத்தவர்களில் 41.1 சதவீதத்தினர் தானாகப் பெற்றார்கள்; நிமிர்ந்திருந்தவர்களில் 35.2. ஆகவே குத்தவைப்பதை எல்லாருக்குமான மருந்தாக்குவது தவறு.

அதைவிடப் பெரிய கேள்வி சிசேரியன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தெலங்கானாவில் 60.7 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 81.5. முக்கும் நேரத்து நிலை இதைக் குறைத்ததற்கு ஆதாரமில்லை. ஆனால் வலி தொடங்கிய முதல் கட்டத்தில் நடமாடியவர்களுக்கும் நிமிர்ந்திருந்தவர்களுக்கும் அந்தக் கட்டம் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாகச் சுருங்கியது, சிசேரியனும் குறைந்தது என்கிறது 2013ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு. "நட, நட" என்று பாட்டிமார் விரட்டியதில் விஷயம் இருந்திருக்கிறது. அந்த மணிநேரங்களில்தான் நாம் அவளை டிரிப்ஸோடு கட்டிலில் கட்டிப்போடுகிறோம். பல இடங்களில் துணைக்கு அம்மாவைக்கூட உள்ளே விடுவதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

ஹைதராபாத் முயற்சியின் பெருமதிப்பு அது தரும் நிலைகளைவிட, அது உருவாக்கும் ஆளில் இருக்கிறது. வலிக்கும் பெண்ணோடு நடக்க, அவள் தோளைத் தாங்கியபடி குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க, ரத்தம் மிஞ்சினால் உடனே அறிய, பதினெட்டு மாதம் படித்த ஒருத்தி வேண்டும். அவளைத் தராமல் பிரசவப் பாயையும் பந்தையும் வாங்கிப் போடும் மருத்துவமனை பாதி வேலையைக்கூடச் செய்யவில்லை. மேசை அறையின் ஓரத்தில் இருக்கட்டும். குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டால் தாயை மல்லாத்தித் தொடையை வயிற்றோடு மடக்க வேண்டும், கிழிந்திருந்தால் தையலும் போட வேண்டும்; அப்போது இழுத்துக்கொள்ளலாம்.