பறையும் முரசும்: தாய் பார்த்த சாவு, மகள் பார்த்த சாவு

புறநானூறு 278 நமக்கெல்லாம் ‘வீரத்தாய்’ பாட்டாகத்தான் அறிமுகம். மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்ல, நரம்பு புடைத்த கிழவி வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு சிதறிக் கிடக்கும் மகனைக் கண்டதும், பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது.

அந்த மகிழ்ச்சி சாவைப் பற்றியதா? எனக்கு அப்படித் தோணலை. ஊர் வாய் அடைபட்ட நிம்மதி அது. பாட்டுக்குள் கண்ணீரே கிடையாது. ஆனா கீழே துறை குறித்தவர் ‘உவகைக் கலுழ்ச்சி’ என்கிறார். கலுழ்ச்சி என்றால் அழுகை. வெறும் உவகை என்று விட்டுவிட அவருக்கே மனசு வரலை போல.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279 இன்னும் கடினம். முன்னொரு போரில் பிறந்த வீட்டு ஆண் போயாச்சு. ஆநிரைச் சண்டையில் கணவனும் போயாச்சு. இன்று போர்ப்பறை கேட்டதும், இருக்கும் ஒரே மகனின் குடுமியில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். புலவரே இவள் மனத்தைச் சபித்துவிட்டுத்தான் தொடங்குகிறார். இகழ்வதுபோலப் புகழ்வது என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் ஒரு நடுக்கமும் கேட்கிறது. அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவனுக்குப் போக ஆசையா, பயமா? தெரியாது.

பிள்ளைகளே பேசிக் கேட்க 112-க்கு வரணும். பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தரால் பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது. ஐந்தே அடி. அப்பாவின் வீரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இறந்தார் என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைய வெண்ணிலவில் அப்பா இருந்தார், குன்று எங்களிடம் இருந்தது. இன்றைய வெண்ணிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான்.

இங்கேயும் ஒரு முரசு வருது, கவனிச்சீங்களா? 279-ல் தாய் கேட்பது தன் பக்கத்துப் பறை. அதற்குக் கொடுக்க அவளிடம் இன்னும் ஒருவன் மிச்சம். 112-ன் முரசு ஜெயித்தவர்களுடையது. போர் என்ன கொடுத்தது என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள் கணக்கில் குன்றும் போச்சு, அப்பாவும் போச்சு.

வாகையையும் தும்பையையும் கையறுநிலையோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு துறைக்கும் அதற்கான உணர்ச்சி ஏற்கெனவே வகுக்கப்பட்டதுதான். ஆனாலும் யார் குரல் என்பது முக்கியம். 278-ல் தாயின் வாயிலிருந்து வருவது வஞ்சினம் மட்டும். அவள் மகிழ்ந்தாள் என்று சொல்வது புலவர். 112-ல் இடையில் யாரும் இல்லை.