மார்ஸ்டனின் குதிரைக்கு முன்னால் ஒரு லாகின்

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' கம்ப்யூட்டருக்கு வர 14 வருஷம் ஆனது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் 2010 மே மாதமே வந்த ஆட்டம். 2024 அக்டோபர் 29 அன்றுதான் பிசிக்காரர்களுக்கு வாய்த்தது. இதன் இரண்டாம் பாகம் 2019-லேயே பிசிக்கு வந்துவிட்டது. தம்பி வந்து ஐந்து வருஷம் கழித்து அண்ணன் வருவதெல்லாம் ராக்ஸ்டார் கம்பெனியில் மட்டுமே நடக்கும்.

ஆட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 4கே, 144 ஹெர்ட்ஸ், அகலத்திரை, டிஎல்எஸ்எஸ் என்று விளம்பரத்தில் சொன்னதெல்லாம் இருக்கிறது. பிஎஸ்3-ல் 640 வரிகளில் புகைமூட்டமாகத் தெரிந்த நியூ ஆஸ்டின் பாலை, இப்போது கள்ளிச்செடி முள்வரைக்கும் துல்லியம். ஆற்றைக் கடந்து நாயகன் ஜான் மார்ஸ்டன் மெக்சிகோ மண்ணில் கால் வைக்கிறான். பாடகர் ஹோசே கொன்சாலஸின் குரல் மெதுவாக எழுகிறது. குதிரை தன் பாட்டுக்கு நடக்கிறது. வீடியோ கேம் வரலாற்றில் இப்படி மனசைப் பிசைகிற இடங்கள் குறைவு. 60 ஃபிரேமுக்கு மேல், ஒரு தடங்கலும் இல்லாமல் அதைப் பார்ப்பதற்காகவே இந்தப் பதிப்பை வாங்கலாம்.

ஆனால் குதிரை ஏறுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு.

ஸ்டீமில் காசு கட்டி, டவுன்லோடு முடித்து, பச்சை பட்டனை அமுக்கினால் மார்ஸ்டன் வருவதில்லை. ராக்ஸ்டார் லாஞ்சர் என்ற இன்னொரு மென்பொருள் வந்து நிற்கிறது. முதலில் அது தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்கிறது. அடுத்து ராக்ஸ்டார் கணக்கு கேட்கிறது. கணக்கு இல்லையென்றால் மின்னஞ்சல், பிறந்த தேதி எல்லாம் கொடுத்து புதிதாகத் தொடங்க வேண்டும். என்றைக்கோ ஜிடிஏ ஆடத் தொடங்கிய கணக்கு இருந்து, அதன் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தால் அது தனிக்கதை. மொய் எழுதிவிட்டு வந்தவரைப் பந்தி வாசலில் மறித்து ஆதார் கேட்பதுபோல இருக்கிறது.

இத்தனைக்கும் இது தனியாக ஆடும் ஆட்டம். 2010 பதிப்பில் பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் இருந்தது. அதற்கு ஆன்லைன் கணக்கு கேட்டால் நியாயம். இந்த மறுவெளியீட்டில் மல்டிபிளேயரையே வெட்டி எடுத்துவிட்டார்கள். இணையத்தில் செய்ய எதுவும் இல்லாத ஆட்டத்துக்கு இணையக் கணக்கு எதற்கு? அந்தக் கணக்கால் வாங்கியவருக்கு ஒரு புதுக் குதிரைகூடக் கிடைப்பதில்லை. இதே ஆட்டம் 2023-ல் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்தது. அங்கே கேட்ரிட்ஜைச் செருகினால் நேராக ஆட்டம்தான். வெளியானபோது விலையும் ஒன்றேதான், சுமார் 50 டாலர்.

முதல் தடவை உள்ளே போன பிறகு ஆஃப்லைனில் ஆடலாமே, இதையெல்லாம் பெரிதுபடுத்துவானேன் என்று சிலர் கேட்கலாம். ராக்ஸ்டார் தன் பழைய ஆட்டங்களை எப்படிப் பூட்டியது, அந்தப் பூட்டுகள் என்ன ஆயின என்று பார்த்தால் போதும்.

'ஜிடிஏ 4' பிசிக்கு வந்தது 2008 டிசம்பரில். அன்றைக்கு அது மைக்ரோசாஃப்டின் 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' என்ற சேவையோடு கட்டப்பட்டிருந்தது. அந்தச் சேவையை மைக்ரோசாஃப்ட் பிற்பாடு கைகழுவியது. 2020 ஜனவரியில் அந்த ஆட்டம் ஸ்டீமில் விற்பனையிலிருந்தே காணாமல் போனது. ஆட்டம் பழுதாகவில்லை, ஆடுகிறவர்களும் இருந்தார்கள். புதிதாக வாங்குபவர்களுக்குக் கொடுக்க ஆக்டிவேஷன் கீ உருவாக்க முடியவில்லை, அவ்வளவுதான். மார்ச்சில் திரும்பி வந்தபோது மல்டிபிளேயர் போயிருந்தது. பழைய பூட்டு இருந்த இடத்தில் ராக்ஸ்டாரின் சொந்த லாஞ்சர் தொங்கியது.

அந்தச் சொந்தப் பூட்டின் லட்சணம் அடுத்த வருஷமே தெரிந்தது. ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றையும் மெருகேற்றி 'தி ட்ரிலஜி' என்று 2021 நவம்பர் 11 அன்று வெளியிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக வைஸ் சிட்டி ஆடிய தலைமுறை ஆவலோடு காத்திருந்த வெளியீடு. வந்த சூட்டிலேயே லாஞ்சர் படுத்துவிட்டது. தவறுதலாக உள்ளே போய்விட்ட கோப்புகளை நீக்குவதற்காக என்று பிற்பாடு காரணம் சொன்னார்கள். பிசி பதிப்பு மறுபடி கிடைக்கச் சுமார் மூன்று நாள் ஆனது. அதைவிட வயிற்றெரிச்சல், ட்ரிலஜிக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் வேறு ராக்ஸ்டார் ஆட்டங்களை பிசியில் வைத்திருந்தவர்களும் ஒரு நாளுக்கு மேல் வெளியே நின்றார்கள்.

'மேன்ஹன்ட்' கதை இன்னும் விசேஷம். 2003-ல் பிஎஸ்2-க்கு வந்த அந்த ஆட்டத்தின் பிசி பதிப்பில், திருட்டுப் பிரதியை மோப்பம் பிடிக்கச் சில பொறிகள் வைத்திருந்தார்கள். பொறி சிக்கினால் திறக்க வேண்டிய கதவு திறக்காது. ஸ்டீமில் விற்கப்பட்ட பிரதியைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதில் இருந்தது 'ரேசர் 1911' என்ற பைரசி குழு உடைத்த கோப்பு என்று 2023-ல் அம்பலப்படுத்தினார்கள். டிஆர்எம் எனப்படும் பழைய பூட்டைக் கழற்ற கம்பெனிக்கே திருடனின் சாவி தேவைப்பட்டிருக்கிறது. அப்படியும் பொறிகள் முழுசாகச் செயலிழக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்தான் திறக்காத கதவுக்கு முன்னால் நின்றார்.

ராக்ஸ்டாரை மட்டும் திட்டினால் ஓரவஞ்சனை ஆகிவிடும். 'காட் ஆஃப் வார் ராக்னராக்' 2024 செப்டம்பரில் பிசிக்கு வந்தபோது சோனி தன் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் (பிஎஸ்என்) கணக்கைக் கட்டாயமாக்கியது. அதுவும் தனியாள் ஆட்டம்தான். பிஎஸ்என் சேவை அதிகாரபூர்வமாக இல்லாத நாடுகளில் ஸ்டீம் அதை விற்கவே இல்லை. அந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் இருந்தவர் கையில் காசும் நல்ல கம்ப்யூட்டரும் இருந்தும் சட்டப்படி வாங்க வழியில்லாமல் போனது. சென்னையில் இருந்தவருக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. 2025 ஜனவரியில், விரும்பினால் மட்டும் இணைக்கலாம் என்று சோனி இறங்கிவந்தது. அதன்பிறகும் விற்பனைத் தடை உடனே நீங்கவில்லை.

கேப்காம் இதில் இரட்டை வேஷம். 2012-ல் நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு வந்த 'ரெசிடென்ட் ஈவில் ரெவலேஷன்ஸ்' ஆட்டத்தின் பிசி பதிப்பில், 2024 ஜனவரியில் திடீரென்று புது டிஆர்எம் ஒன்றைச் சொருகினார்கள். ஆட்டம் திக்கத் தொடங்கியது, ரசிகர்கள் செய்த மாட்கள் உடைந்தன, அப்டேட்டைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே வருஷம் ஜூனில் அதே கம்பெனியின் முதல் ரெசிடென்ட் ஈவில், ஜிஓஜி கடை வழியாக எந்தப் பூட்டும் இல்லாமல் வந்தது. 1996-ன் ஆட்டம், இன்றைய விண்டோஸில் ஓடும்படி சீர்செய்தது. இன்ஸ்டாலரை ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தால் கடையே மூடினாலும் கவலையில்லை. இப்படிச் செய்ய முடியும் என்று தெரிந்தபிறகு ராக்ஸ்டாரின் சடங்கின்மேல் கோபம் கூடத்தான் செய்கிறது.

ரெட் டெட் வெளியான அதே அக்டோபரில், நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று ஸ்டீம் தன் கார்ட் பக்கத்தில் வெளிப்படையாக எழுதத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் வந்த புதுச் சட்டத்தின் புண்ணியம். ரெட் டெட் விஷயத்தில் அந்த உரிமத்துக்குக் காவல் இரண்டு: ஸ்டீம் ஒன்று, ராக்ஸ்டார் ஒன்று.

ஸ்விட்ச்சோ பிஎஸ்4-ஓ வீட்டில் இருந்தால் அதிலேயே வாங்கிக்கொள்வது நிம்மதி. படத்தின் துல்லியம் கொஞ்சம் குறையும், தொல்லை மிச்சம். பிசியில்தான் வேண்டும் என்பவர்கள் முழு விலை கொடுக்காமல் ஸ்டீம் சேலுக்குக் காத்திருக்கலாம். 14 வருஷம் பொறுத்தவர்களுக்குச் சில மாதம் பெரிதல்ல. வாங்கியதும் நல்ல நெட் இருக்கும்போதே ஒருமுறை உள்ளே போய், லாஞ்சரின் ஆஃப்லைன் முறை வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிக்னல் இல்லாத ஊருக்குக் கிளம்பக் கூடாது.