சங்கராவின் சிவப்பை அழித்த கதை

காசிமேட்டில் எடுத்த ஒரு படம். மீன் விற்கும் அக்கா ஒருவர், முன்னால் கூடை நிறைய சங்கரா. அக்காவின் சிவப்புப் புடவையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கருப்பு வெள்ளையாக்கினேன். மென்பொருளில் சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் புடவையோடு மீனும் சேர்ந்தே வந்தது. பிரஷ்ஷை எடுத்து மீன்மேல் இருந்த சிவப்பை மட்டும் மெனக்கெட்டு அழித்தேன். படத்தில் ஒரு சோகம் வந்துவிட்டதாக எனக்கு ஒரே திருப்தி.

அடுத்த வாரம் அக்காவிடம் காட்டினேன். "ஏம்பா, மீனு ஏன் இப்புடி வெளுத்துக் கெடக்கு? செவுள்ல செவப்பு இல்லன்னா எவன் வாங்குவான்?"

அவர் தினமும் பார்த்து விலை சொல்கிற நிறத்தைத்தான் நான் அழித்திருந்தேன்.

இந்த உத்தியே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) படத்தில் ஒரு சிறுமியின் கோட்டுக்கு மட்டும் சிவப்பு. பிறகு பிணவண்டியில் அதே சிவப்பு வரும்போதுதான் அது அவள் என்று நமக்குத் தெரிகிறது. அங்கே நிறம் ஒரு வேலை செய்கிறது. என் படத்தில் புடவையின் சிவப்பு என்ன வேலை செய்தது? அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

வடசென்னைப் படங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. போட்டோஷாப்பின் 'செலக்டிவ் கலர்' கருவியில் 'நியூட்ரல்ஸ்' பகுதிக்குப் போய் மஞ்சளைக் கொஞ்சம் குறைத்து, சயானைக் கொஞ்சம் கூட்டினால் போதும். சாம்பல் வானம், சிமென்ட் சுவர், புகை எல்லாம் நீலம் பாய்ந்து குளிர்ந்துவிடும். எண்ணூர் உடனே ஆளில்லாத ஊர் மாதிரி ஆகிவிடும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி, கூழைக்கடாவின் இறகு என்று எல்லாவற்றிலும் கரும்பழுப்பாக ஒட்டியது. அந்தப் படங்களில் ஒன்றை எடுத்து, மீனவரின் சட்டையை மட்டும் நிறத்தோடு விட்டுப் பார்த்தேன். எண்ணெய் காணாமல் போய்விட்டது! சேறும் எண்ணெயும் ஒரே சாம்பல். கூழைக்கடா ஏதோ நிழலில் நிற்பது போல இருந்தது. நீலம் ஏற்றினாலும் கதை அதேதான்; பழுப்பிலிருந்து மஞ்சளை எடுத்தால் மிஞ்சுவது வெறும் கருப்பு.

போபாலில் 1984-இல் புதைக்கப்பட்ட குழந்தையை ரகு ராய் கருப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலமியூ வண்ணத்திலும் எடுத்தார்கள். இரண்டும் நெஞ்சைப் பிசையும். காரணம், அங்கே சாட்சி சொல்வது அந்த முகம். எண்ணூரில் சாட்சியே அந்தப் பழுப்புதான்.

அதனால் இப்போது ஒரு நிறத்தை எடுப்பதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: படத்தில் இருப்பவர் இந்த நிறத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்கிறார்?

சங்கராவுக்குச் சிவப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சோகம் போய்விட்டது. அக்கா ஒரு பிரிண்ட் கேட்டிருக்கிறார்.